சுரங்கத்தில் இறங்கிய அண்ணி

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரிகள் கிளப்பிலிருந்து தூக்கி வந்த பிரம்பு நாற்காலி. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் தட்டு, தட்டில் முந்திரி பிஸ்கட்.

"மேடம், நீங்க இங்கேயே உட்காருங்க. நெரளு சென்னாகிதே, நல்ல நிழலு, வெயில் படாது" என்றார் சுரங்க மேனேஜர். பாதி கன்னடம், பாதி தமிழ், முழுக்க மரியாதை.

நான் உட்காரவில்லை. தலைக்கு மேலே ஷாஃப்டின் பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இரும்பு வடத்திலிருந்து கிரீஸ் சொட்டியது. கீழே இருந்து ஒரு காற்று வந்தது. ஈரப் பாறையும் வெடிமருந்தும் கலந்த வாசனை. என் அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் அடித்த அதே வாசனைதான்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. தங்கச் சுரங்கத்தைத் தொடர்ந்து நடத்தலாமா, இழுத்து மூடலாமா என்று பார்த்துச் சொல்ல எம்.பி.க்கள் நாலு பேர் டில்லியிலிருந்து வந்திருந்தோம். அதில் ஒரே பெண் நான். ஒரே உள்ளூர்க்காரியும் நான்தான்.

மற்ற மூவரும் ஹெல்மெட் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். குழுத் தலைவருக்கு மூட்டுவலி. இன்னொருவருக்கு ரத்தக் கொதிப்பு. மூன்றாமவருக்கு என்ன கோளாறு என்று அவருக்கே தெரியவில்லை, ஆனாலும் ஜீப்பில் முதலில் ஏறியவர் அவர்தான். சுரங்கம் எப்படி இருக்கும் என்று அங்கே திரையில் படம் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

படம் பார்த்து எழுதும் அறிக்கையில் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். படம் போடுகிறவர் என்ன நினைக்கிறாரோ அதுதான் வரும். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு அடுப்பும் இந்தச் சுரங்கத்தை நம்பித்தான் எரிந்தது. நாலு பேரில் ஒருவராவது கீழே போய்ப் பார்த்துவிட்டு, "நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று டில்லியில் சொல்லியாக வேண்டும்.

"நான் இறங்குகிறேன்" என்றேன்.

வேலை கேட்டு வரவில்லை

மேனேஜர் நல்ல மனிதர். பயந்த மனிதரும்கூட. "மேடம், லேடீஸ் அண்டர்கிரவுண்ட் போகக் கூடாதுன்னு சட்டமே இருக்கு" என்றார்.

என்னிடமா சட்டம்? ராபர்ட்சன்பேட்டை கோர்ட்டில் வருடக்கணக்காகக் கறுப்பு கோட்டு போட்டு வியர்த்தவள் நான். "பெண்களைக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. நான் உங்களிடம் வேலை கேட்டு வரவில்லை. எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே இறங்குகிறவர்கள் போடும் ஓவரால் ஒன்றை எடுத்து வரச் சொன்னார்.

ஆனால் சிக்கல் சட்டத்தில் இல்லை. பெண் கால் கீழே பட்டால் பாறை வெடிக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பாறை வெடிப்பு என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். அடுத்த நிமிடம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள், கேட் வரைக்கும். அதைத் தாண்ட மாட்டார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் உள்ளே வந்து, ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டைத் தூர நின்று கும்பிடலாம். கேஜ் என்போம் அதை. கேஜின் விளிம்பில்கூடக் கை படக் கூடாது.

இந்த விதி எல்லாப் பெண்களுக்கும் இல்லை என்பதுதான் வேடிக்கை. அதிகாரிகள் கிளப்பில் ஒரு பழைய புகைப்படம் தொங்கும். வெள்ளைக்காரத் துரைசானிகள் இரண்டு பேர், தலையில் தொப்பி, கையில் விளக்கு, கேஜுக்குள் நின்று சிரிப்பார்கள். கவுன்சிலராக இருந்த காலத்தில் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அவர்கள் கால் பட்டபோது பாறைக்குக் கோபம் வரவில்லையா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். அவர் போண்டாவை என் பக்கம் நகர்த்தினார்.

கோணி தொங்கும் வாசல்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக, நான் எப்படி எம்.பி. ஆனேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய தியாகக் கதை எல்லாம் இல்லை. எதிராளி செய்த ஒரு தப்பும் அதில் உண்டு.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளை நாங்கள் லைன் என்போம். வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள். வாசலில் நனைத்த கோணி தொங்கினால், உள்ளே இரவு ஷிப்டு முடித்தவர் தூங்குகிறார் என்று அர்த்தம். அந்த வாசலில் கீரைக்காரி கூவ மாட்டாள். பிள்ளைகள் பந்து தட்ட மாட்டார்கள். சண்டைக்காரிகள்கூடக் குழாயடிக்குப் போய்த்தான் கத்துவார்கள்.

என்னை எதிர்த்து நின்றவர் வெளியூர்க்காரர். பணம் இருந்தது, வண்டி இருந்தது, வண்டி மேல் நாலு பக்கமும் ஒலிபெருக்கி இருந்தது. உச்சிப் பகலில் லைன் லைனாக வண்டியை விட்டுப் பாட்டு போட்டார். கோணிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக எழுந்து, சிவந்த கண்ணோடு வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் தனக்குக் கும்பிடு போட வருவதாக நினைத்து அவர் கையை ஆட்டிக்கொண்டே போனார் பாவம்.

நான் நடந்தேன். கோணி தொங்கும் வீட்டில் சத்தம் போடாமல், பின்பக்கம் போய் அந்த வீட்டுப் பெண்ணிடம் பேசினேன். ஷிப்டு சங்கு ஊதிய பிறகுதான் கூட்டம் போட்டேன். ஆண்டர்சன்பேட்டையில் தமிழ், பங்காருபேட்டையில் கன்னடம், சந்தை நாளில் தெலுங்கு. வாக்குப்பெட்டி திறந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

எங்கள் ஊரிலிருந்து டில்லிக்குப் போன முதல் பெண் நான்தான். முதல் நாள் அங்கே ஓர் அதிகாரி, "நீங்கள் எந்த எம்.பி.யின் மனைவி?" என்று கேட்டார். "என் கணவர் பங்காருபேட்டையில் கணக்கு வாத்தியார். அவரைத்தான் ஊரில் எம்.பி.யின் புருஷன் என்கிறார்கள்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார்.

டில்லியில் நான் மாண்புமிகு உறுப்பினர். ஆனால் என் அண்ணன் மனைவி கஸ்தூரிக்கு மட்டும் நான் கடைசிவரை 'பாப்பா'தான். அந்த அண்ணிதான் அன்றைக்கு ஷாஃப்ட் கேட்டில் வந்து நின்றார்.

அண்ணி மறித்தார்

செய்தி லைனுக்கு எப்படிப் போனதோ தெரியாது. நான் ஓவரால் மாட்டி, என் காலுக்குப் பெரியதான பூட்ஸை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கேட்டில் பெண்கள் கூட்டம். பாதிப் பேர் எனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர்கள். என்னை வாழ்த்தி அனுப்ப வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் அந்த ஒலிபெருக்கி வண்டிக்காரர் நினைத்த மாதிரிதான்.

கூட்டத்துக்கு முன்னால் அண்ணி. சமையல் பாதியில் கிளம்பியவர், முந்தானையில் மஞ்சள் கறை. என் அண்ணன் அன்று முதல் ஷிப்டு. பாறைக்கு மரத்தால் முட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலை அவருக்கு. காலையிலேயே இறங்கியிருந்தார்.

"இன்னா பாப்பா பண்றே?" என்றார் அண்ணி. "ஆம்பளைங்க அத்தினி பேரும் கீழ கீறாங்க. நீ எறங்கறேன்னு நிக்கிறே."

"பார்த்துட்டு வந்துடறேன் அண்ணி."

"பாரு, வாணான்னு சொல்லல. ஷிப்டு முடிஞ்சி எல்லாரும் மேல வரட்டும். அப்புறமா எறங்கு. நீ எறங்கி ஏதாச்சும் ஆச்சுன்னா, இந்த ஜனங்க மூஞ்சியில முழிப்பியா நீ?"

பின்னால் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள் பயமும் வந்தது, மறைப்பானேன். பாறை வெடிக்க என் கால் தேவையில்லை. அது பாட்டுக்கு எந்த நாளும் வெடிக்கும். ஆனால் அன்று வெடித்தால்? என் அரசியல் அன்றோடு முடியும். அதைவிட, என் அண்ணன் கீழே இருந்தார். மறுநாள் ஆட்கள் ஷிப்டுக்கு வர மறுத்தாலும் போதும், தொழிலாளர்களே வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதிச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள்.

"அண்ணி, அவங்க மேல வந்தப்புறம் கீழ போயி நான் யாரைப் பாக்கறது? கல்லையா? கல்லைத்தான் அங்க படம் போட்டுக் காட்டறாங்களே. மனுஷங்க வேலை செய்யறதைப் பாக்கணும். இல்லன்னா டில்லியில நான் பேசற பேச்சுக்கு மரியாதை இல்ல."

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"அப்ப நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு?"

"இடிஞ்சா அவர் தலையிலதான் இடியும். உன் தலையிலயும் இடியும். நான் மட்டும் மேல குந்திகினு சங்கு சத்தம் கேட்டுகினு இருக்கணுமா? வர்றேன் நட."

 மேனேஜர் முகத்தில் ரத்தமே இல்லை. "மேடம், இவர் யார்?" என்றார்.

"என் கூட வந்தவங்க" என்றேன். பொய் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கூட இருந்தவர்தான்.

புடவைக்கு மேலேயே ஒரு காக்கிப் பேன்ட்டை ஏற்றிக்கொண்டார் அண்ணி. பார்க்கச் சகிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கேஜ் வாசலில் மணி அடிப்பவர் எங்கள் லைன்காரர்தான். அவர் மணி அடித்தால்தான் மேலே இன்ஜின் ஓடும், கேஜ் இறங்கும். கயிற்றில் கை வைத்தபடி தயங்கி நின்றார்.

"கஸ்தூரிக்கா, நெஜமாவா?"

"அடிடா மணிய."

ஊட்டி

காலடியில் தரை நழுவுகிற மாதிரி இருந்தது. காது அடைத்தது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது. கம்பி வலைக்கு வெளியே ஈரப் பாறை மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தது. முதலில் குளிர்ந்த காற்று. போகப் போக அது வெதுவெதுப்பாகி, கேஜ் நின்றபோது அடுப்படிக் காற்றாகிவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆண்கள் கீழே நடப்பதை வீட்டில் பேச மாட்டார்கள். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். என் அப்பாவும் அதையே சொன்னார், அண்ணனும் அதையே சொன்னார். "கீழ இன்னா, பெரிய பெரிய ஃபேன் போட்டு வெச்சிருக்கான். ஊட்டி மாதிரி ஜில்லுனு இருக்கும்." பெண்கள் நம்பினோம். வெயில் காலத்தில், உங்களுக்கென்ன, ஊட்டிக்குப் போய்விடுகிறீர்கள் என்று அண்ணி என் அண்ணனைச் சீண்டுவார். சம்பளம் போதவில்லை என்று அவர் முனகினால், ஜில்லென்று நின்று செய்கிற வேலைக்கு வேறென்ன கொடுப்பான் என்பார்.

கேஜிலிருந்து இறங்கி, மேனேஜர் விளக்குப் பிடிக்க, குனிந்து குனிந்து நடந்தோம். கணுக்கால் வரைக்கும் சுடுதண்ணீர். மூச்சு இழுத்தால் நெஞ்சு நிறையவில்லை. ஒரு திருப்பத்தில் மூன்று பேர் ஒரு மரத்தூணைத் தோளில் தாங்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் அரை டிராயர் மட்டும். உடம்பெல்லாம் வேர்வையும் கருந்தூசியும்.

நடுவில் இருந்தவர் திரும்பினார். அண்ணன்.

என்னைப் பார்த்து அவர் அதிகம் அதிரவில்லை. எனக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் அண்ணியின் முகம் தெரிந்தபோதுதான் தூணை விட்டுவிட்டுத் துண்டைத் தேடினார். மனைவி முன்னால் அப்படி நிற்கக் கூச்சப்பட்டு அவர் உடம்பை மூடிக்கொண்டதை என்னால் மறக்க முடியாது.

"இவளை எதுக்கு இட்டாந்தே?" என்று என் மேல் பாய்ந்தார்.

அண்ணி பதில் சொல்லவிடவில்லை. பாறையில் கையை வைத்தார். சுரீர் என்று இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார்.

"இதானா உங்க ஊட்டி?"

அண்ணன் தலை குனிந்தார். மற்ற இரண்டு பேரும் தூணைத் தாங்கியபடியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அவர்கள் வீட்டிலும் அதே ஊட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லியிருந்தா நீ சோறு துன்னுவியா?" என்றார் அண்ணன், மெதுவாக.

அண்ணி அவர் அருகே போனார். தன் முந்தானையின் நுனியைப் பேன்ட்டுக்குள்ளிருந்து உருவி அவர் நெற்றியைத் துடைத்தார். நான் என் வேலையைப் பார்த்தேன். எவ்வளவு தாது மிச்சம் இருக்கிறது, எந்த இடத்தில் முட்டு பழசாகிவிட்டது, ஏன் புது இயந்திரம் வரவில்லை என்று மேனேஜரைக் குடைந்தேன். மேலே மழுப்பியவர் கீழே உண்மையைச் சொன்னார். அந்தச் சூட்டில் பொய் சொல்ல மூச்சு போதாது.

அன்று ஒரு கூழாங்கல்கூட விழவில்லை. எல்லோரும் ஷிப்டு முடிந்து மேலே வந்தார்கள். கேட்டில் பெண்கள் எங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கீழே எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. தன் புருஷனுடைய பொய்யை மட்டுமல்ல, எல்லாருடைய புருஷன்மார் பொய்யையும் அவர் காப்பாற்றினார்.

பின்னாலிருந்து ஒரு குரல்

டில்லியில் நான் பேசிய பேச்சு எனக்கே பெருமை. குழுத் தலைவர் எதையோ சொல்ல வந்தபோது, "நீங்கள் கெஸ்ட் ஹவுஸில் இருந்தீர்கள் ஐயா, நான் கீழே இருந்தேன்" என்றேன்.  முதலீடு போடுங்கள், சுரங்கம் பிழைக்கும் என்று வாதாடினேன். கொஞ்ச காலம் தள்ளிப்போட வைத்தேன். ஆனால் தடுக்க முடியவில்லை. புது நூற்றாண்டு பிறந்த கையோடு சுரங்கம் மூடப்பட்டது. சங்கு நின்றது. தண்ணீர் இறைக்கும் பம்புகளும் நின்றன. லைன் வாசல்களில் கோணி தொங்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

மூடிய சில வாரங்களில் ராபர்ட்சன்பேட்டையில் கூட்டம் போட்டேன். வேலை போனவர்களுக்கு என்ன கேட்டு வாங்குவது என்பதுதான் விஷயம். மைக்கைப் பிடித்து வணக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பொம்பள எறங்குனா! அதான் மூடிக்கிச்சு!"

டில்லியில் எத்தனையோ பேர் என்னைக் குறுக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் வைத்திருந்தேன். இந்தக் குரல் அப்படியில்லை. இது என் சொந்த ஜனம். பொறுக்க முடியாமல் வலித்தது. அந்த ஒருவர் மட்டுமல்ல, பலரும் மனதுக்குள் அதையே நினைக்கிறார்கள் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

பெண்கள் வரிசையிலிருந்து அண்ணி எழுந்து மேடைக்கு வந்தார். என்னிடம் கேட்காமலே மைக்கை வாங்கினார். அதற்கு முன் அவர் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை.

"நானுந்தான் எறங்கனேன். என்னைக் கேளு" என்றார். "அதுக்கப்புறம் எத்தினி ஷிப்டு ஓடிச்சு? நீயுந்தான எறங்கி ஏறனே? மூடினவன் எங்க குந்திகினு மூடினான்? அவன்ல எவனாச்சும் எறங்கினானா? போ, அவனைப் போயி கேளு."

குரல் அடங்கியது. அண்ணி மைக்கைத் திருப்பித் தரப் போனபோது முன்வரிசையில் அந்தோணியம்மா எழுந்தார். அவர் கணவர் பல வருடங்களுக்கு முன்பு பாறை வெடிப்பில் போனவர். உடம்பைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை அந்த அம்மா.

"கஸ்தூரி, நீ பாத்தல்ல?" என்றார். "எங்க வூட்டுக்காரர் நின்ன எடம் எப்பிடிம்மா இருக்கும்? இனிமே தண்ணி ரொம்பிடும்ன்றாங்க. யாரைக் கேப்பேன் நானு?"

கூட்டத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணி மைக்கை மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய் அந்தோணியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"சூடுக்கா. பயங்கர சூடு. கண்ணு தெரியாத இருட்டு. அவங்க நம்மகிட்ட சொன்னது எல்லாம் பொய். ஆனா ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் தோள் வெச்சிதான் நிப்பாங்கக்கா. தனியா வுட மாட்டாங்க."

"தனியா இல்லியே?"

"இல்லக்கா. தனியா இல்ல."

அந்தோணியம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, மேடையை விட்டு இறங்கி அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.